காப்பகத்திலிருந்து வேட்டை நாயைத் தத்தெடுத்தல்: சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை நாய்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டின் விலங்குக் காப்பகங்களில், தெருநாய்களுக்கும் கைவிடப்பட்ட லாப்ரடார்களுக்கும் நடுவே, நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் உயர்ந்த கால்களும் கொண்ட நாட்டு வேட்டை நாய்களையும் காண முடிகிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்கள் ஒலித்தன. நம் மண்ணின் நாய்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும், பெருமைக்காகக் குட்டியை வாங்கிய பலர், அந்தக் குட்டி ஓராண்டில் மதிலைத் தாண்டுவதையும், பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிப்பதையும், அவர்கள் எதிர்பார்த்தபடி வாசலில் நின்று குரைக்காமல் உள்ளே சுருண்டு படுப்பதையும் கண்டு, அதைக் கைவிட்டுவிடுகின்றனர். வேட்டைக்கென வளர்க்கப்பட்டு, ஓட்டத்தில் பிந்தியதாலோ கால் முறிந்ததாலோ ஒதுக்கப்பட்ட நாய்களும் உண்டு.

அத்தகைய ஒரு நாயைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஓடுவதைத் துரத்துவது இந்த நாயின் குற்றமன்று, அதன் பிறவிக் குணம். அடித்தோ மிரட்டியோ அதை நீக்க முடியாது. அந்தக் குணத்திற்கு இடங்கொடுத்து, அதனால் நாய்க்கும் பிற உயிர்களுக்கும் தீங்கு நேராதபடி வீட்டையும் அன்றாடத்தையும் அமைத்துக்கொள்ள முடியுமென்றால் தத்தெடுக்கலாம். முடியாதென்றால், காப்பகத்தில் காத்திருக்கும் வேறொரு நாய்க்கு உங்கள் வீடு பொருத்தமாக இருக்கும்.

எந்த நாய், எந்த வேலைக்காக

சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. மறைவில்லாத வெட்டவெளியில், தொலைவில் அசையும் ஒன்றைக் கண்ணால் கண்டு, அந்த நொடியிலேயே பாய்ந்து துரத்துவதே இவற்றின் முறை. மோப்பம் பிடித்து மெல்லத் தேடிச் செல்லும் பீகிள் போன்ற நாய்களுக்கும் இவற்றுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். மோப்ப நாய் தரையில் மூக்கை வைத்து நடக்கும்போதே அதன் எண்ணம் உங்களுக்குப் புரிந்துவிடும், அதை நிறுத்தவும் நேரம் கிடைக்கும். பார்வையால் வேட்டையாடும் நாயோ, நீங்கள் அந்தப் பூனையைக் கவனிப்பதற்கு முன்பே பாதித் தொலைவைக் கடந்திருக்கும். கன்னி பெரும்பாலும் கருநிற உடலும் கால்களிலும் முகத்திலும் செம்பழுப்புத் திட்டுகளும் கொண்டது, சிப்பிப்பாறை செவலை, சாம்பல், கருப்பு எனப் பல நிறங்களில் வரும். உடலமைப்பிலும் குணத்திலும் இரண்டும் மிக நெருக்கமானவை. வேண்டியவர்களிடம் பாசமும் அயலாரிடம் ஒதுக்கமும் கொண்டவை, சத்தத்திற்கு எளிதில் கூசுபவை.

ராஜபாளையம் இவற்றைவிடப் பெரியது, எலும்பும் தசையும் கனமானது. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பயன்பட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாயோ ஓட்டத்தைவிட வலிமைக்கும் துணிவுக்கும் பெயர் பெற்றது, செம்பழுப்பு உடலும் கருத்த வாய்ப்பகுதியும் கொண்டது. கோம்பையைச் சிப்பிப்பாறையைப் போன்ற கூச்சமுள்ள நாயாக எண்ணி வீட்டுக்குக் கொண்டுவருவது பிழை. அது தன் எல்லையையும் தன் மக்களையும் விடாப்பிடியாகக் காக்கும் நாய். விருந்தினர் ஓயாது வந்து போகும் வீட்டுக்கும், நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காப்பகத்தில் இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை கலப்பினங்களாகவே இருக்கும், பிறப்புச் சான்று எதுவும் இராது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இனத்தின் தூய்மை தத்தெடுப்பவருக்குத் தேவையில்லாத செய்தி. ஆழமான மார்பு, ஒடுங்கிய இடை, நீண்ட முகம், தொலைவில் அசைவதை உற்றுப் பார்க்கும் கண் ஆகியவை இருந்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் வேட்டை நாயாகவே கருதி ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். திருவிழாவை ஒட்டியோ நண்பர்களோடு பொழுதுபோக்காகவோ செய்தாலும் குற்றம் குற்றமே. நாயின் திறமையைக் காண வேண்டும் என்ற ஆசையில் அதைக் காட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணுபவர், தத்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது. ஒரு நல்ல காப்பகம் அப்படிப்பட்டவரிடம் நாயைத் தரவும் தராது.

வீட்டை முதலில் பாருங்கள்

காப்பகத்துக்குச் செல்வதற்கு முன், உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, நாயின் கண்ணால் பாருங்கள். ஐந்தடி மதில் சிப்பிப்பாறைக்குப் பெரிய தடையன்று. மதிலோரம் தண்ணீர்த் தொட்டியோ, செங்கல் குவியலோ, நிறுத்திய இருசக்கர வண்டியோ இருந்தால், அது ஏணியாகவே பயன்படும். இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையே நாயின் தலை நுழையுமா, கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, பால்காரர் வரும்போதும் குப்பை வண்டி வரும்போதும் கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது என்பவற்றையெல்லாம் கவனியுங்கள். மதிலை உயர்த்த வசதியில்லையென்றால், உள்பக்கம் சாய்ந்த வலையைப் பொருத்தலாம். அதுவும் இயலாதென்றால், நாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் கையில் கயிறு இருந்தாக வேண்டும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவது தீர்வாகாது. நியாயமற்ற நீண்ட நேரம் விலங்கைக் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கட்டிப்போட்ட வேட்டை நாய் சில மாதங்களில் எரிச்சலும் அச்சமும் நிறைந்த நாயாக மாறிவிடுவதும் உண்டு.

வீட்டில் பூனை, கோழி, முயல், ஆட்டுக்குட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இந்த வகை நாயைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. பூனையோடு இணங்கி வாழும் சிப்பிப்பாறைகள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால், வீட்டுக்குள் பூனையோடு ஒரே பாயில் உறங்கும் நாயே, அதே பூனை தோட்டத்தில் ஓடும்போது அதைத் துரத்தக்கூடும். பக்கத்து வீட்டார் கோழி வளர்த்தால், நாய் வருவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவைப்பதும், இரு வீட்டுக்கும் இடையேயான வேலியை உங்கள் செலவில் சரிசெய்து தருவதும் பின்னாளில் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வேட்டை நாய் வாழ முடியுமா என்று பலர் கேட்பதுண்டு. முடியும் என்பதே என் விடை. வெளியே ஓடிக் களைத்த பின், இவை நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். வேறு பல இனங்களைவிடக் குறைவாகவே குரைக்கும். காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரமளவு உங்களால் ஒதுக்க முடியுமா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்ய முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. வாடகை வீடென்றால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது நாயை விட்டுச் செல்வது காப்பகங்கள் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் துயரம்.

காவலுக்காகவே நாய் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு சொல். சிப்பிப்பாறையும் கன்னியும் வாசலில் படுத்து வீட்டைக் காக்கும் என்று நம்பித் தத்தெடுக்காதீர்கள். புதியவரைக் கண்டால் அவை பின்வாங்கி மறைவதற்கே வாய்ப்பு அதிகம். அச்சத்தில் இருக்கும் நாயைக் காவலுக்குத் தூண்டினால், அது கடிக்கும் நாயாகலாம், காவல் நாயாகாது.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

சென்னையில் 1959இல் தொடங்கிய இந்திய புளூகிராஸ், அடையாற்றில் இயங்கும் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் போன்ற நிறுவனங்களோடு, கோவை, மதுரை முதலிய நகரங்களில் சிறு தொண்டுக் குழுக்களும் தனி ஆர்வலர்களும் நாய்களை மீட்டுப் பராமரிக்கின்றனர். நாயை விலை சொல்லித் தருபவர், எத்தனை மாதக் குட்டி வேண்டும் என்று கேட்பவர், தாயைக் காட்ட மறுப்பவர் ஆகியோர் மீட்பாளர் என்ற பெயரில் விற்பனை செய்பவர்களாக இருக்கலாம். உண்மையான மீட்பாளர் உங்களையே பல கேள்விகள் கேட்பார், அடையாளச் சான்று வாங்குவார், வீட்டைப் பார்க்க வருவார், ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார். இவற்றைத் தொல்லையாக எண்ண வேண்டாம். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆன செலவை ஈடுசெய்யச் சிறு தொகை கேட்பதும் இயல்பானதே.

காப்பகத்தின் கூண்டில் தெரியும் குணத்தை வைத்து நாயை முடிவு செய்யாதீர்கள். நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில், சத்தத்திற்குக் கூசும் ஒரு வேட்டை நாய் அசைவற்று ஒடுங்கிக் கிடக்கும். அதைப் பார்த்துச் சாதுவான நாய் என்று எண்ணிவிடுவோம். வாய்ப்பிருந்தால் வெவ்வேறு நாள்களில் சென்று, காப்பகத்துக்கு வெளியே கயிற்றில் நடத்திப் பாருங்கள். கயிற்றில் நடக்கும்போது தெருவில் ஓடும் அணிலையோ பூனையையோ கண்டு அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு, நீங்கள் அழைத்தவுடன் முகம் திருப்பும் நாய் ஒருவகை. உடல் இறுகி, காது நிமிர்ந்து, உங்கள் குரல் காதில் விழாதது போல நிற்கும் நாய் இன்னொரு வகை. இரண்டாவதும் நல்ல நாய்தான், ஆனால் அதற்கு உயர்ந்த மதிலும் பொறுமையான மனிதரும் வேண்டும்.

நாயை நாள்தோறும் கவனிக்கும் பணியாளரிடம் பேசுங்கள். காப்பகப் பதிவேட்டைவிட அவருக்கு அதிகம் தெரியும். எங்கிருந்து மீட்கப்பட்டது, உணவுத் தட்டை நெருங்கினால் உறுமுகிறதா, ஆண்களைக் கண்டு அஞ்சுகிறதா, தடியைத் தூக்கினால் பதுங்குகிறதா, மற்ற நாய்களோடு எப்படி நடந்துகொள்கிறது, எப்போதாவது யாரையேனும் கடித்திருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையான விடை தரும் காப்பகத்தை நம்பலாம்.

ராஜபாளையமோ அதன் கலப்போ என்றால், காது கேட்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். தோலிலும் முடியிலும் நிறமி இல்லாத வெள்ளை நாய்களில் உட்காதின் நிறமிச் செல்களும் குறைவாக இருக்கக்கூடும். அதனால் பிறவியிலேயே ஒரு காதோ இரு காதுகளுமோ கேளாமல் போவது இந்த இனத்தில் அறியப்பட்ட குறை. நாய் பார்க்காத நேரத்தில், காற்றோ தரை அதிர்வோ படாத தொலைவில் நின்று, சாவிக்கொத்தை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். காது கேளாத நாயைத் தத்தெடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கைச்சைகைகளை அவை விரைவில் கற்றுக்கொள்கின்றன. ஆனால், உறங்கும்போது திடீரெனத் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வாய்ப்புள்ளதால், சிறு குழந்தைகள் உள்ள வீடு முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் முதல் சந்திப்பு

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி வரலாறு தெரியாத நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசியையும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியையும் புதிதாகத் தொடங்குவதே முறை. குடற்புழு நீக்கமும் அன்றே தொடங்கட்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரு வாரங்களாவது தனித்தனியாக வைத்திருங்கள், ஏனெனில் டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் வெளியே தெரியாமல் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டு நாய்களில் தவறாமல் தேட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா, பபேசியா ஆகிய இரு கிருமிகளும் உண்ணிக் கடியால் பரவுபவை. காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு, தோலில் சிவந்த புள்ளிகள் ஆகியவை அறிகுறிகள். சில நாய்களில் நோய் பல மாதங்கள் அறிகுறியின்றி உள்ளேயே தங்கியிருக்கும் என்பதால், நாய் நலமாகத் தெரிந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தெருவில் சில காலம் திரிந்த நாய்களிடம் பிறப்புறுப்பில் வரும், நாய்களுக்கிடையே தொற்றும் கட்டியையும் மருத்துவர் தேடுவார். பூப்போன்ற கட்டியும் இரத்தக் கசிவும் கண்டு அஞ்ச வேண்டாம், வின்கிரிஸ்டின் என்ற மருந்தால் பெரும்பாலான நாய்களில் அது முற்றிலும் கரைந்துவிடும்.

வேட்டை நாயின் உடல் மற்ற நாய்களின் உடலைப் போன்றதன்று என்பதை நீங்களே நினைவூட்ட வேண்டியிருக்கலாம். நன்கு ஆராயப்பட்ட கிரேஹவுண்ட் இனத்தில், இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவும், தட்டணுக்களும் தைராய்டு அளவும் குறைவாகவும் இருப்பதே இயல்பு. அதே உடற்கட்டு கொண்ட நம் நாய்களின் பரிசோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் மருத்துவர் இதை மனத்தில் கொள்வது நல்லது. மயக்க மருந்தில்தான் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையதாகிறது. உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதாலும், ஈரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைக்கும் என்பதாலும், தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் கிரேஹவுண்ட் வகை நாய்களுக்கு மயக்கம் தெளிய மிக நீண்ட நேரமாகலாம். ஆகவே, கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ அழைத்துச் செல்லும்போது, வேறு மருந்தைப் பயன்படுத்த இயலுமா என்று முன்னதாகவே கேளுங்கள். நாயை அறுவை நாளன்றே எடை பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் உடல் குளிராமல் போர்த்திவைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் பிற ஊர்களிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நாட்டு நாய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களைக் காணலாம்.

கருத்தடையைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு நிலவுகிறது. நாட்டு இனம் அழிந்துவருகிறது, ஆகவே இந்த நாயையாவது குட்டி போடவிடலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இனக்காப்பு என்பது மரபும் உடல்நலமும் அறியப்பட்ட நாய்களைக் கொண்டு, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பொறுப்பேற்று, முறையாகச் செய்ய வேண்டிய வேலை. பெற்றோர் யாரென்றே தெரியாத, காது கேளாமை போன்ற குறைகளைச் சுமக்கக்கூடிய ஒரு நாயிலிருந்து குட்டிகளைப் பெருக்குவது, அதே காப்பகத்துக்கு மேலும் நாய்களை அனுப்புவதில்தான் முடியும். கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாநகராட்சிகளில் நாய் வளர்க்க உரிமம் பெற வேண்டும். சென்னையில் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றோடு உரிமம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஓடிப்போகும் இயல்புள்ள நாய்க்கு, தோலடியில் பொருத்தும் மைக்ரோசிப் எந்த ஊராக இருந்தாலும் தேவை என்றே சொல்வேன்.

வீட்டில் முதல் நாள்கள்

கழுத்துப் பட்டை வாங்கும்போதே வேட்டை நாயின் உடலமைப்பை நினையுங்கள். இவற்றின் கழுத்து தலையைவிடப் பருத்தோ, ஏறக்குறைய அதே அளவிலோ இருக்கும். சாதாரணப் பட்டையை நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் என்ற அகலப் பட்டையையும், இடுப்புவரை நீளும் ஹார்னஸ் என்ற உடல்வாரையும் வாங்கி, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். முதல் சில மாதங்களுக்கு இந்த இரட்டைக் கயிறு தேவையா என்று ஐயம் வேண்டாம். தத்தெடுத்த நாய்கள் தொலைந்துபோவதற்கு வாய்ப்பு மிகுந்த நேரம், வண்டியிலிருந்து இறங்கும் முதல் நொடியும் அடுத்த சில நாள்களும்தான். கார்க் கதவைத் திறப்பதற்கு முன்பே கயிறு உங்கள் மணிக்கட்டில் சுற்றியிருக்கட்டும். தொலைபேசி எண் பொறித்த வில்லையும் அந்தப் பட்டையிலேயே தொங்கட்டும்.

மீட்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 3 நாள்களில் நாய் அதிர்ச்சியிலிருந்து மீளும், 3 வாரங்களில் வீட்டின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளும், 3 மாதங்களில் தன் உண்மையான குணத்தைக் காட்டும். இதைச் சட்டமாகக் கொள்ளாமல், அவசரப்படக் கூடாது என்பதற்கான நினைவூட்டலாகக் கொள்ளுங்கள். கிராமத்துக் கொட்டிலில் வளர்ந்த நாய்க்கு, வழவழப்பான தரை, மாடிப்படி, கண்ணாடிக் கதவு, மின்தூக்கி, சுழலும் மின்விசிறி எல்லாமே புதியவை. படியேற மறுக்கும் நாயை இழுக்காதீர்கள். படிக்கொரு சிறு துண்டு உணவை வைத்து, அது தானாக ஏறும்வரை காத்திருங்கள். ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் படுக்கையைப் போட்டு, அந்த இடத்தில் குழந்தைகள் உட்பட யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை என்று வீட்டில் விதி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வர விரும்பும் உறவினர்களைச் சில வாரங்கள் கழித்து வரச் சொல்லுங்கள்.

கொழுப்பற்ற உடலும் மெல்லிய தோலும் கொண்ட இந்த நாய்க்கு வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். நான்காக மடித்த ஜமுக்காளமோ பஞ்சு மெத்தையோ போதுமானது. முள்வேலியில் உரசினாலே தோல் நீளக் கிழிந்துவிடும் என்பதால், ஆழமான கிழிசலைத் தையலிட மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தயங்காதீர்கள். ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கையும் காது நுனியையும் உச்சிவெயிலில் காயவிடாதீர்கள்.

உணவில் திடீர் மாற்றம் வேண்டாம். காப்பகத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையே சில நாள்கள் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். கம்பங்கூழிலும் கேழ்வரகிலும் வளர்ந்த நாய்க்கு, முதல் நாளே இறைச்சியை நிறையக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். அதே சமயம், கூழும் தயிர்ச் சோறும் மட்டுமே ஓடும் நாயின் தசைக்குப் போதா. முட்டை, வேகவைத்த கோழி, மீன், சிறிதளவு ஈரல் ஆகியவை மெல்லச் சேரட்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு, சமைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். மார்பு ஆழமான நாய்களுக்கு, வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஆகவே, நாள் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உண்டதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் வைத்திருங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே நாய் அலைந்தால், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விலா எலும்புகள் தெரிகின்றனவே, பட்டினி போடுகிறீர்களா என்று தெருவில் கேட்பவர்கள் இருப்பார்கள். நலமான வேட்டை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இயல்பே. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாகத் துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும். ஊராரின் சொல்லுக்காக நாயைக் கொழுக்க வைத்தால் அதன் மூட்டுகள் பாழாகும்.

துரத்தும் குணத்தோடு வாழ்வது

நாய் அழைத்தவுடன் திரும்பி வருவதற்கான பயிற்சியை வீட்டுக்குள் தொடங்குங்கள். பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் மிகப் பிடித்த உணவைக் கொடுங்கள். பின்பு மாடியில், பின்பு மதில் உள்ள தோட்டத்தில், பின்பு பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு மைதானத்தில் என விரியுங்கள். திட்டுவதற்காகவோ குளிப்பாட்டுவதற்காகவோ ஒருபோதும் அந்தச் சொல்லால் அழைக்காதீர்கள். இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும், ஓடும் முயலைக் கண்ட நொடியில் நாய் உங்கள் குரலுக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேலியில்லாத இடத்தில், வாழ்நாள் முழுவதும், கயிறு இல்லாமல் விடாதீர்கள். நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் இதில் விட்டுக்கொடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஓட்டத்தையே மறுத்தால் நாய் வாடிவிடும். நான்கு பக்கமும் அடைப்புள்ள இடம், எடுத்துக்காட்டாக விடுமுறை நாள்களில் அனுமதியோடு கிடைக்கும் பள்ளி மைதானம், வேலியிட்ட தென்னந்தோப்பு, இறகுப்பந்து அரங்கு ஆகியவற்றில் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில முறையேனும் அங்கே முழு வேகத்தில் ஓடவிடுங்கள். நீளமான கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழந்துணியை முடிந்து, தரையோடு இழுத்து ஓட்டினால், நாய் அதைத் துரத்திப் பிடித்து மகிழும். துரத்தல், பிடித்தல், வாயில் கவ்வி உலுக்குதல் ஆகிய மூன்றும் அதில் நிறைவேறும். பிடித்ததை விடச் சொல்லி, விட்டதும் உணவு கொடுத்து, மீண்டும் ஆட்டத்தைத் தொடங்குங்கள். வேட்டைக் குணத்தையே கட்டுப்பாட்டுக்கான பரிசாக மாற்றும் இந்த ஆட்டம், நான் அறிந்தவற்றில் மிகப் பயனுள்ள பயிற்சி. கோடையில் அதிகாலையிலும் இருட்டத் தொடங்கிய பின்னும் மட்டும் ஓடவிடுங்கள், புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத தார்ச்சாலையில் நாயின் பாதமும் வெந்துபோகும்.

பூனையையோ சிறு நாயையோ அறிமுகப்படுத்தியே ஆகவேண்டிய நிலை வந்தால், கம்பிக்கூடு போன்ற வாய்மூடியை முன்கூட்டியே பழக்குங்கள். அது அணிந்த நாய் மூச்சு வாங்கவும் நீர் குடிக்கவும் முடிய வேண்டும். துணியால் வாயைக் கட்டுவது நம் வெப்பத்தில் ஆபத்தானது. சத்தத்திற்குக் கூசும் நாய்களுக்குத் தீபாவளி மிகக் கடினமான காலம். பட்டாசுச் சத்தம் தொடங்கும் நாள்களுக்கு முன்பே, சன்னல்களை அடைத்த அறை, தொடர்ந்து ஒலிக்கும் விசிறி, பகலிலேயே முடித்துவிடும் நடை ஆகியவற்றை ஏற்பாடு செய்யுங்கள். தேவைப்பட்டால் அச்சம் தணிக்கும் மருந்தை மருத்துவரிடம் இரு வாரம் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள்.

நாய் தப்பி ஓடினால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கதவு திறந்து கிடக்கலாம். அப்போது பின்னால் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். துரத்தப்படுவதாக உணரும் நாய் இன்னும் வேகமாக ஓடும், அதன் வேகத்தை எந்த மனிதராலும் எட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தால், தரையில் பக்கவாட்டில் அமர்ந்து, அதைப் பார்க்காமல் உணவுப் பையைச் சலசலக்கச் செய்யுங்கள். பார்வையிலிருந்து மறைந்துவிட்டால், அது கடைசியாகத் தெரிந்த இடத்தில் ஒருவர் நிற்க, அதன் படுக்கைத் துணியையும் உங்கள் பழைய சட்டையையும் அங்கே விரித்து வையுங்கள். ஆட்டோ நிறுத்தம், தேநீர்க் கடை, பால் விநியோகிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரிடம் படத்தைக் காட்டுங்கள், பிடிக்க முயல வேண்டாம், பார்த்தால் அழைத்துச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கும் மாநகராட்சிக்கும் உடனே தெரிவியுங்கள். அச்சமுற்ற நாய் பகலில் புதரில் ஒளிந்து, நடமாட்டம் அடங்கிய பின் வெளியே வரும் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகும் விடியலுக்கு முன்னும் தேடுவதே அதிகப் பலன் தரும்.

ஒத்துவராதபோது

சில மாதங்கள் உண்மையாக முயன்ற பின்னும், நாயும் வீடும் பொருந்தாமல் போகலாம். வீட்டில் பிறந்த குழந்தையை நாய் இரையைப் பார்ப்பது போல உற்றுப் பார்க்கிறது என்றாலோ, குடும்பத்தில் ஒருவரை மீண்டும் மீண்டும் கடிக்கிறது என்றாலோ, அதை மறைக்காமல் காப்பகத்திடம் சொல்லுங்கள். கடி நேர்ந்தால், சிறிய கீறலாக இருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்று இதைத் தவிர்க்கக் கூடாது. நாயைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம். தோட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் அறியாதவரிடம் கொடுப்பதும் அதற்கு இணையானதே, ஏனெனில் வேட்டை நாயைக் கேட்டு வாங்கும் அத்தகையவர்களில் சிலர் அதை மீண்டும் முயல் வேட்டைக்கோ குட்டிகளைப் பெருக்கவோதான் கொண்டுபோகிறார்கள். தத்தெடுக்கும் ஒப்பந்தத்தில், தேவைப்பட்டால் நாயை அதே காப்பகம் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்ற விதி இருக்கிறதா என்று கையெழுத்திடும் நாளிலேயே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பி ஒப்படைக்கும்போது, மருத்துவக் குறிப்புகளோடு, அந்த நாய் எதற்கு அஞ்சுகிறது, எதைக் கண்டால் துரத்துகிறது, எந்தச் சொல்லுக்குத் திரும்பி வருகிறது என்று நீங்கள் அறிந்துகொண்ட அனைத்தையும் அடுத்துத் தத்தெடுப்பவருக்காக எழுதிக் கொடுங்கள்.